எழுந்து போனவரை யார் கூப்பிடுவது?

போன ஞாயிற்றுக்கிழமை என்னை மத்தியஸ்தத்துக்குக் கூப்பிட்டார்கள்.

என்னை! ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனை. வாரா வாரம் பத்திரிகையில் ஏதாவது எழுதுகிறவன் என்றால் நியாயம் தெரிந்தவன் என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு.

விஷயம் சின்னது. எங்கள் தெருவில் பாங்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் மாடி கட்டுகிறார். அவருடைய சன்ஷேடு பக்கத்து வீட்டு எல்லைக்குள் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஹோமியோபதி டாக்டர். இருவரும் படித்தவர்கள். இருவரும் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். காபி வந்தது. ஆரம்பித்தோம். காபி ஆறுவதற்குள் டாக்டர் சட்டென்று எழுந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

நான் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னாலேயே ஓடினேன்.

பாங்க்காரர் வாயைப் பிளந்துவிட்டார். ஊரில் எத்தனையோ பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறார்கள்... அதற்கு இவன் ஏன் தீப்பிடித்த மாதிரி ஓடுகிறான் என்று நினைத்திருப்பார்.

ஏன் ஓடினேன் என்று சொல்கிறேன். அதற்கு ஆரணிக்குப் போக வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் போளூரில் ஒரு ஓட்டலில் மாவாட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டலை மூடிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். முதலில் வந்த பஸ் ஆரணிக்குப் போனது. அதனால் ஆரணி. வேறு காரணம் எதுவும் இல்லை.

அங்கே கோவிந்தசாமி மேஸ்திரியிடம் கலவை சுமக்கும் வேலை கிடைத்தது. சேவூர்ப் பக்கம் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். சாப்பாடு ஒரு வேளை வேலைக்காரர்களோடு, மறுவேளை டீக்கடை பன். படுக்கை சைட்டிலேயே, மணல் குவியல் மேல். மணல் நல்ல படுக்கை... மழை வராதவரைக்கும்.

வீட்டுக்காரர் பெயர் ஏகாம்பரம். பட்டு நெசவாளி. அதுவரை வாடகை வீட்டில்தான் தறி. அந்த வீட்டையும் சொந்தக்காரர் விற்றுவிட்டார். தை பிறந்ததும் காலி செய்தாக வேண்டும். அதற்குள் சொந்த வீடு, சொந்தக் கூடம், அதில் சொந்தத் தறி. நாலு பேர் கூலி கொடுக்க, நாலு பேர் வேலை வாங்க என்று வாழ்ந்து சலித்துப்போன மனிதருக்கு அந்த வீடு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

சுவர் செங்கல்தான். ஆனால் சாந்து மண். சிமென்ட் கிடைப்பதே பேஜார் பிடித்த காலம் அது. இருக்கிற சிமென்ட்டைத் தளத்துக்கு ஒதுக்கிவிட்டு, சுவரைச் செம்மண் குழைத்துக் கட்டுவார்கள். தளம் போட்டுவிட்டால் அந்தச் சுவர் மூன்று தலைமுறை நிற்கும். தளம் போடாமல் ஒரு ஐப்பசி மழையில் நனைந்தால் மண்ணாகிவிடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மேஸ்திரி ஒரு ரகம். வாயைத் திறந்தால் தெருமுனைக்குக் கேட்கும். சாரத்தின் மேலே நின்று கீழே இருப்பவனிடம் பேசியே வளர்ந்த தொண்டை. காலையில் என்னைத் திட்டுவார். மத்தியானம் தன் தூக்குச் சட்டியிலிருந்து குழம்பு ஊற்றுவார். திட்டியது அவருக்கு ஞாபகமே இருக்காது. ஆனால் ஒன்று மட்டும் அவரிடம் முடியாது. "தப்பு என்னுது" என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்க முடியாது. செங்கல் காலில் விழுந்தாலும் செங்கல்மீதுதான் தப்பு.

ஏகாம்பரம் வேறு ரகம். பேசவே மாட்டார். தினம் காலையில் தறிக்கு உட்காருவதற்கு முன் சைட்டுக்கு வருவார். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். போய்விடுவார்.

சுவர் உயர்ந்துகொண்டே வந்தபோது ஒருநாள் மேஸ்திரி மேலிருந்து கத்தினார்.

"ஏகாம்பரண்ணா! ஒசரம் போதுமா? இத்தோட நிறுத்திட்டு சென்ட்ரிங் ஏத்தட்டுமா?"

ஏகாம்பரம் அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போய்விட்டார்.

"சரின்னுட்டாரு. பலகைய எடுங்கடா" என்றார் மேஸ்திரி.

கட்டட வேலையில் வழக்கம் அதுதான். மேலே இருப்பவன் கேட்பான். வேண்டாம் என்றால் கீழே இருப்பவன் சத்தம் போடுவான். சத்தம் வரவில்லையா... சரி என்று அர்த்தம்.

தளத்தை அடியில் தாங்கும் சென்ட்ரிங் பலகை அடித்தாயிற்று. கூடத்துக்குக் குறுக்கே ஒரு பீம் வருகிறது. அதற்கும் பலகைப் பெட்டி ஆயிற்று. மறுநாள் காலை ஏகாம்பரம் ஒரு மூங்கிலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கூடத்தின் நடுவில், ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் நிறுத்தப் பார்த்தார். மூங்கில் நேராக நிற்கவில்லை. பீம் பலகை இடித்தது. அதைச் சாய்வாகப் பலகையில் சார்த்திவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

மூங்கில் எதற்கு? பட்டுத் தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி உட்காரும். சேலையில் புட்டா, பேட்டு என்று பூவேலை எல்லாம் போடுகிற பெட்டி. அந்த உயரத்துக்கு அளந்து வெட்டிய மூங்கில் அது. பீம் தாழ்ந்தால் பெட்டி உட்காராது. தறியைத் தள்ளிப் போட்டால் வெளிச்சம் கிடையாது. தரையைத் தோண்டினால் தெருத் தண்ணீர் உள்ளே வரும். இதைத்தான் அவர் மூங்கிலை வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மேஸ்திரி வந்து பார்த்தார்.

"யார்ரா இத்த இங்க சாத்துனது? நல்ல மூங்கிலா கீதே!"

அளவாக வெட்டி, பீமுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஏகாம்பரம் வந்தார். தன் மூங்கில் எந்தப் பீமை இடித்ததோ அந்தப் பீமையே தாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் குரலை முதன்முதலாகக் கேட்டேன்.

"மேஸ்திரி, இதுல தறி நிக்காது."

"இன்னாது? நிக்காதா? அத்த சொவுரு எழும்பும்போது சொல்றதுக்கு இன்னா?"

"ஒங்களுக்கே தெரியும்னு இருந்தேங்க."

"எனக்கு எப்டி தெரியும்? நா இன்னா தறியா நெய்யிறேன்? ஒசரம் போதுமான்னு மேல நின்னு கத்திகினு கேட்டேன்! இந்தப் பையனக் கேளு!"

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் ஜல்லியைப் பார்த்தேன். கூலிக்காரனுக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

இதற்கு வழி என்ன என்று கேட்பீர்கள். வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலகையை இறக்கிவிட்டு, சுற்றிலும் இரண்டு வரி செங்கல் ஏற்றி, மறுபடி பலகையை அடிக்க வேண்டும். அவ்வளவுதான். பணமும் சண்டை இல்லை. செலவை நானே போட்டுக்கொள்கிறேன் என்று மேஸ்திரி எங்களிடம் சொன்னார். செலவை நாமே கொடுத்துவிடலாம் என்று ஏகாம்பரம் தன் வீட்டில் சொல்லியிருக்கிறார். ஒருவரிடம் ஒருவர்தான் சொல்லவில்லை.

பக்கத்தில் தேவசகாயம் என்று ரிடையர்டு ஓவர்சியர் ஒருவர் இருந்தார். நேர்மையான மனிதர். சர்வீஸில் ஒருவரிடமும் டீகூட வாங்கிக் குடித்ததில்லை என்று ஊரே சொல்லும். அவர் வீட்டு வாசலில் இரண்டு பேரையும் உட்காரவைத்தார். நாங்கள் சுற்றி நின்றோம்.

"இதோ பாருங்க, ரெண்டு வரி ஏத்துறது பெரிய காரியமே இல்ல" என்றார் ஓவர்சியர்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் நியாயஸ்தர் ஆயிற்றே! நியாயஸ்தர்களுக்குக் காரியம் முடிந்தால் போதாது. தீர்ப்பு வேண்டும்.

"ஆனா, தப்பு யாருதுன்னு மொதல்ல முடிவு பண்ணணும். இல்லன்னா நாளைக்கி இதே பிரச்சன திரும்ப வரும்."

மேஸ்திரி துள்ளினார். "பண்ணுங்க சார்! தாராளமா பண்ணுங்க! கேட்டதுக்குப் பதில் சொல்லாதவன் மேல தப்பா, கேட்டவன் மேல தப்பா? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தாரு?"

"ஏகாம்பரம், நீங்க என்ன சொல்றீங்க?"

ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஓவர்சியரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மெதுவாகத் தெருவில் இறங்கி நடந்தார். ரொம்ப மெதுவாக. அவ்வளவு மெதுவாக ஏன் நடக்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"பாத்தீங்களா? பாத்தீங்களா சார்? மதிக்காம எழுந்து போறாரு பாருங்க" என்றார் மேஸ்திரி.

"வரட்டும். யோசிச்சிட்டு வருவாரு" என்றார் ஓவர்சியர்.

அவர் வரவில்லை. வேலை நின்றது.

சில நாள் கழித்து ஏகாம்பரத்தின் மனைவி சைட்டுக்கு வந்தார். சரோஜா அக்கா. வீட்டில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தவர், விரலில் நூல் அறுத்த தழும்போடு அப்படியே எழுந்து வந்திருந்தார்.

"மேஸ்திரி, நீங்க வந்து ஒரு வார்த்த கூப்புடுங்க. அவரு வந்துடுவாரு."

"எழுந்து போனவரு அவரு. அவருதாம்மா வரணும்."

"அய்ய, ஒங்களுக்குத் தெரியாதுங்க. எங்க ஆளுங்க அப்டித்தான்." அக்கா உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். "சேலைய நெய்ஞ்சி கடைக்கி எடுத்துக்கினு போனா, கணக்குப்பிள்ள விரிச்சிப் போட்டுக் குத்தம் சொல்லுவாரு. அங்க கறை, இங்க இழை உட்டுப்போச்சின்னு. எதுத்துப் பேசக் கூடாது. பேசினா அடுத்த சேலைக்கிப் பாவு நூலு குடுக்க மாட்டாங்க. அநியாயமா சொல்றாங்கன்னு தோணிச்சின்னா, குடுத்த பாவ அங்கியே வெச்சிட்டு எழுந்து வந்துடணும். மெதுவா நடந்து வரணும். தெருமுனை திரும்பறதுக்குள்ள ஆள் ஓடியாரும்... அண்ணா, மொதலாளி கூப்புடுறாருன்னு. திரும்பிப் போனா எல்லாம் சரியாயிடும். இவுரு சின்ன வயசுலேர்ந்து இத்தத்தான் பண்ணிகினு வர்றாரு. அன்னிக்கி அந்தத் தெருமுனையில எவ்ளோ நேரம் நின்னாரு தெரியுமா?"

மேஸ்திரியின் குரல் தணிந்தது. அவர் கத்தாமல் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

"எங்க தொழில்ல எழுந்து போனவன் போனவன்தாம்மா" என்றார். "சைட்ட உட்டுப் போனா வேற மேஸ்திரியப் பாத்துக்கினாருன்னு அர்த்தம். நா நெனைச்சேன்..." நிறுத்தினார். "சரி. இப்ப நா வந்து கூப்புட்டா இன்னா ஆவும்? தப்பு என் மேலன்னு ஆயிடும்ல?"

"யாரும் அப்டி நெனைக்க மாட்டாங்க."

"ஓவர்சியர் நெனைப்பாரும்மா."

ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று பெரியவர்கள் எழுதுகிறார்கள். பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நான் இருந்தவரைக்கும். அன்றைக்கு எல்லோருக்கும் எல்லாமே புரிந்துவிட்டது. தீர்ந்ததா?

ஆனாலும் மேஸ்திரி கிளம்பினார். அதைச் சொல்லாவிட்டால் அவருக்குத் துரோகம். மறுநாள் சாயங்காலம் முகம் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு, "வாடா" என்று என்னையும் கூட்டிக்கொண்டு நெசவுத் தெருவுக்கு நடந்தார். ஏகாம்பரம் வீட்டுக்கு எதிர்வரிசையில் டீக்கடை. அங்கே நின்றார். டீ சொன்னார். ஏகாம்பரம் வீட்டிலிருந்து தறிச் சத்தம் கேட்டது. தட்... தட்... என்று ஒரே சீராக.

"கேட்டியாடா?"

"இன்னா மேஸ்திரி?"

"தறி ஓடுது. வேல பாட்டுக்கு நடக்குது. வூடு பாதியில நிக்குதேன்னு அவருக்கு ஒரு கவலையும் இல்ல. நாந்தான் பைத்தியக்காரன் மாதிரி தூக்கம் கெட்டுகினு கெடக்கிறேன்."

டம்ளரை வைத்தார். திரும்பி நடந்தார். நானும் நடந்தேன்.

இந்தக் கதையின் மறுபாதி எனக்குப் பிற்பாடு தெரிந்தது, சரோஜா அக்கா சொல்லி. மேஸ்திரி டீக்கடையில் நிற்பதை ஏகாம்பரம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாராம். "காபி போடு. வர்றாரு" என்றாராம். பாயை உதறிப் போடச் சொன்னாராம். வருகிறவர் முன்னால் வேலையற்று உட்கார்ந்திருக்கக் கூடாது, காத்துக்கொண்டிருந்த மாதிரி தெரியக் கூடாது என்று தறியில் போய் உட்கார்ந்து, நெய்ய ஆரம்பித்தாராம்.

அந்தச் சத்தத்தைத்தான் நாங்கள் கேட்டோம்.

அதற்குமேல் சரோஜா அக்காவாலும் முடியவில்லை. தன்னைக் கேட்காமல் சைட்டுக்குப் போனது தெரிந்து ஏகாம்பரம் அவரோடும் பேசுவதை நிறுத்திவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஐப்பசி வந்தது. ஒருநாள் மழை பகலிலேயே பிடித்துக்கொண்டது. மணல் குவியலை விட்டு நான் பக்கத்து மாட்டுக்கொட்டகையில் ஒண்டிக்கொண்டேன். சுவர் தலையில் ஓலை போட்டு மூடச் சொல்ல மேஸ்திரி இல்லை; டீக்கடைக்குப் போய் வந்த பிறகு அவர் சைட் பக்கமே வரவில்லை. மேஸ்திரி சொல்லாமல் நாங்கள் யாரும் அந்தச் சைட்டில் கை வைக்க முடியாது. அதுவும் வழக்கம்தான். ஓயாமல் பெய்தது. மறுநாள் வடக்குச் சுவர் இறங்கியது. இடிந்தது என்று சொல்ல மாட்டேன். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. களைத்துப்போன மாடு மாதிரி மெல்ல மண்டி போட்டு உட்கார்ந்தது. பலகையும் பீம் பெட்டியும் மேலே சரிந்தன. பிறகு கிழக்குச் சுவர்.

செய்தி கேட்டு இருவரும் வந்தார்கள். ஒருவர் இந்தத் தெரு வழியாக, ஒருவர் அந்தத் தெரு வழியாக. ஓவர்சியரும் குடையோடு வந்தார். அவர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

ஏகாம்பரம் சேற்றில் இறங்கினார். உடையாத செங்கல்லாகப் பார்த்து எடுத்து, மண்ணை வழித்து, ஓரமாக அடுக்க ஆரம்பித்தார். நிதானமாக, விளிம்பு பார்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக. மேஸ்திரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அவர் முகத்தில் ஓடியது மழையா வேறா என்று நான் ஆராயவில்லை.

"ஏகாம்பரண்ணா!"

கூப்பிட்டுவிட்டார்.

கூப்பிட்ட அந்தக் கணமே ஏகாம்பரம் திரும்பினார். அத்தனை நாளாக அந்தக் குரலுக்கு என்றே ஒரு காதைத் தனியாக வைத்திருந்த மாதிரி.

"இன்னாங்க மேஸ்திரி?"

மேஸ்திரி அவர் காலடியைப் பார்த்தார்.

"சேறு வழுக்கும்... பாத்து நில்லுங்க" என்றார்.

"சரிங்க" என்றார் ஏகாம்பரம்.

அவ்வளவுதான். பேச்சுவார்த்தை முடிந்தது.

தை பிறந்தது. ஏகாம்பரம் வாடகை வீட்டைக் காலி செய்தார். தறியைப் பிரித்து யாருக்கோ கொடுத்துவிட்டு, இன்னொருவர் வீட்டுத் தறியில் கூலிக்கு உட்கார்ந்தார். அவர் திரும்பக் கட்டவில்லை. அந்த மனைக்கட்டில் கொஞ்ச காலம் செங்கல் அடுக்கு மட்டும் நின்றது. மேஸ்திரி போளூர்ப் பக்கம் போய்விட்டார். அங்கேயும் நன்றாகக் கட்டினார், நன்றாகக் கத்தினார் என்று கேள்வி. நான் வழக்கம்போல முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

எனக்கு அன்றிலிருந்து ஒரு சந்தேகம். கட்டடச் சண்டைகளில் நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம்? உயரத்தையா, எல்லையையா, செங்கல்லையா? அதெல்லாம் கொத்தனார் ஒருநாளில் சரிசெய்துவிடுவார். ஒருவருக்குக் கத்தாமல் இருக்க முடியாது. ஒருவருக்கு வாய் திறக்க முடியாது. ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்லாமல் தூக்கம் வராது. மூன்று பேருமே நல்லவர்கள். அதுதான் சிக்கல். ஒரு கெட்டவன் இருந்திருந்தால் அவனை அடக்கியாவது அந்த வீட்டைக் காப்பாற்றியிருக்கலாம். குணத்தை என்ன செய்வது? அதைப் பலகை மாதிரி இறக்கி, இரண்டு வரி ஏற்றி, மறுபடி அடிக்க முடியுமா?

ஆனாலும் ஒரு பாடம் மிச்சம் என்று நினைத்திருந்தேன். எவனாவது எழுந்து போனால் உடனே பின்னால் ஓடிப்போய்க் கூப்பிட்டுவிட வேண்டும். தெருமுனை திரும்புவதற்குள். அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை வெறுங்காலோடு ஓடினேன்.

டாக்டரைத் தெருமுனையிலேயே பிடித்துவிட்டேன். மூச்சு வாங்கியது.

"வாங்க டாக்டர். பாங்க்காரர் கூப்பிடுறார். உக்காந்து பேசிக்கலாம்."

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"செருப்புகூடப் போடாம ஓடி வர்றீங்கன்னா... அந்தாளு பக்கம் பலமா தப்பு இருக்கு. அப்படித்தானே? நான் சந்தேகத்துல இருந்தேன் சார். இப்ப தெளிவாயிடுச்சு."

திங்கட்கிழமை வக்கீலைப் பார்த்துவிட்டார்.

சன்ஷேடு அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கேஸ் முடிய வருஷக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல்... நல்லவேளை, அது சிமென்ட் கட்டடம்!